மூன்ஸ்டோன்ஸுக்கு வாரிசு உண்டு, மனோகரனுக்கு ஏன் இல்லை?

இது நீளமான பதிவு. பிளேன்டீ ஒன்றை ஊற்றி வைத்துக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள்.

வத்தளை, மாபோலை, ஹுணுப்பிட்டிப் பக்கம் எந்தக் கலியாண ஹோலுக்குப் போனாலும் சாப்பாட்டு மேசையில் ஒரு விவாதம் தவறாமல் வரும். மேடையில் பாடுகிற பேண்டைப் பார்த்து மூத்தவர் ஒருவர், "ஜிப்ஸீஸைப் பார்த்த கண்ணுக்கு இதெல்லாம் ஒரு பேண்டா?" என்பார். பக்கத்தில் இருக்கிற மருமகன் உடனே போனை எடுத்து, இத்தனை இலட்சம் பேர் பார்த்தது என்று ஒரு புதுப் பாட்டைக் காட்டுவார். புரியாணிச் சகன் காலியாகும் வரை கதை நடக்கும். முடிவு மட்டும் வராது.

நாங்கள் வரலாறு படிப்பிக்கிறவர்கள். ஆகவே இந்தச் சண்டையையும் ஒரு வரலாற்றுப் பாடமாக எடுத்து வைத்துப் பார்த்தோம். பார்த்ததில் ஒரு விடயம் எங்களைக் கொஞ்சம் உலுக்கியது. அந்தக் காலத்து பேண்டா இந்தக் காலத்து பேண்டா என்ற கேள்விக்கு, சிங்களப் பாட்டில் ஒரு விடையும் தமிழ்ப் பாட்டில் வேறொரு விடையும் வருகிறது. இரண்டும் ஒரே தீவில், ஒரே வருடங்களில், ஒரே வானொலி நிலையத்தில் பிறந்தவை. அப்படியிருந்தும் ஒன்றுக்கு மகனும் பேரனும் இருக்கிறார்கள். மற்றதற்கு இல்லை. அது ஏன் என்பதே இந்தப் பதிவு.

தொடங்கும் முன் ஒரு வேண்டுகோள். இசை ஆகுமா ஆகாதா என்பது உலமாக்கள் பேசவேண்டிய விடயம். அந்த வாதத்தைக் கொமெண்டில் தொடங்க வேண்டாம். நடந்ததைப் பதிந்து வைப்பது எங்கள் வேலை. நம் வீடுகளிலும் ரேடியோ இருந்தது, அதில் முஸ்லிம் நிகழ்ச்சியும் போனது, அது முடிந்த பிறகு யாரும் எழும்பிப் போய் ரேடியோவை மூடவும் இல்லை.

சரி, கதைக்கு வருவோம். அது நமக்கு மிகப் பக்கத்தில் இருந்தே தொடங்குகிறது. நீர்கொழும்பு வீதியால் மேலே போய் ஜா-எலவை அடைந்தால் ஏக்கலை அருகில்தான். இரண்டாம் உலகப் போரின்போது மவுண்ட்பேட்டன் பிரபுவின் தென்கிழக்காசியப் படைத் தலைமையகம் இலங்கையில் இருந்தது. அந்தப் படையினருக்காக ஒலிபரப்ப ஏக்கலையில் 100 கிலோவாட் சிற்றலை டிரான்ஸ்மிட்டர் ஒன்றை வைத்தார்கள். போர் முடிந்ததும் அது நம் அரசாங்கத்தின் கைக்கு வந்தது. 1949இல் ரேடியோ சிலோன் என்ற பெயர் வந்தது. 1950இல் வர்த்தக சேவை தொடங்கியது. 1952இல் இந்தியாவில் அமைச்சர் கேஸ்கர், அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டுக்கு இடமில்லை என்று நிறுத்தியபோது, இந்தியா முழுவதும் கொழும்பைத்தான் திருப்பிக் கேட்டது. அமீன் சயானியின் பினாக்கா கீத்மாலா நம் நாட்டிலிருந்துதான் போனது. யோசித்துப் பாருங்கள், நாம் பஸ்ஸில் தூங்கிக்கொண்டே கடந்து போகும் அந்தப் பக்கத்திலிருந்து உபகண்டத்துக்கே பாட்டுப் போயிருக்கிறது.

இன்னொரு பக்கத்தில் பைலா. போர்த்துக்கேயரோடு வந்த ஆபிரிக்கச் சிப்பாய்களும் பறங்கியரும் விட்டுப்போன கஃப்ரிஞ்ஞா தாளம், ஆறெட்டுக் கணக்கில் ஆடவைக்கிற தாளம், புத்தளத்திலும் மட்டக்களப்பிலும் மேற்குக் கரையோரத்திலும் ஒட்டிக்கொண்டது. காலியைச் சேர்ந்த வொலி பஸ்தியன் என்ற பொலிஸ்காரர் அதை எடுத்துச் சிங்கள வார்த்தைகளோடு ஊர் ஊராகப் பரப்பினார். ஆக 1960களில் ஒரு இளைஞன் கிட்டாரைக் கையில் எடுத்தபோது அவனுக்கு முன்னால் மூன்று பாதை திறந்திருந்தது. ரேடியோவில் வரும் பீட்டில்ஸ், தெருவில் கேட்கும் பைலா, தியேட்டரில் ஓடும் இந்தியப் படப் பாட்டு. மூன்றையும் கலந்துதான் நம் பேண்டுகள் பிறந்தன.

சிங்களத்தில் அந்த வருடம் 1966. ஹப்புத்தளையில் பிறந்த கிளாரன்ஸ் விஜேவர்தன மூன்ஸ்டோன்ஸை அமைத்தார். மின்சாரக் கிட்டாரைச் சிங்களப் பாட்டுக்குள் கொண்டுவந்தவர் என்று இன்றும் அவரைத்தான் சொல்வார்கள். வானொலியில் விஜய கொரியா அவர்களைத் தூக்கிவிட்டார். அன்னெஸ்லி மாலேவன, இந்திராணி பெரேரா போன்றவர்களின் குரல்கள் சேர்ந்தன. பிறகு சுப்பர் கோல்டன் சைம்ஸ் வந்தது. ஜெரல்ட் விக்ரமசூரிய "சூரியா" என்ற பெயரில் இசைத்தட்டுகளை வெளியிட்டு, இந்தப் பாடகர்களை ஊர் ஊராக மேடைக்கும் கொண்டுபோனார். 1970களின் தொடக்கத்தில் மொரட்டுவையில் அன்டன் பெரேரா தன் பிள்ளைகளைச் சேர்த்து ஒரு குடும்ப பேண்ட் போட்டார். அதுதான் ஜிப்ஸீஸ். முன்னால் நின்று பாடியவர் சுனில் பெரேரா.

தமிழிலும் ஏறக்குறைய அதே வருடங்கள்தான். ஒருநாளும் பிந்தவில்லை என்பதைக் கவனியுங்கள். நித்தி கனகரத்தினம் கிட்டாரோடு வந்து, "சின்ன மாமியே" என்று மாமியிடம் மகளைக் கேட்கிற வேடிக்கைப் பாட்டைப் பாடினார். கள்ளுக்கடைப் பக்கம் போகாதே என்று குடிக்கு எதிராகப் பாடியதும் அவர்தான் (பள்ளிவாசல் குத்பாவில் சொல்வதை பைலாத் தாளத்தில் சொன்ன மனிதர் என்று எங்கள் ஆசிரியர் அறையில் ஒரு பகிடி உண்டு). திருகோணமலையிலிருந்து பரமேஷ், கோணேஷ் சகோதரர்கள் வந்தார்கள். "உனக்குத் தெரியுமா" இசைத்தட்டாக வெளிவந்தது. எஸ். இராமச்சந்திரன், ஸ்டான்லி சிவானந்தன் என்று ஒரு வரிசை. எல்லோருக்கும் நடுவில் ஏ. ஈ. மனோகரன், பொப் இசைச் சக்கரவர்த்தி என்று சனம் பட்டம் கொடுத்த ஆள்.

இவர்கள் செய்ததில் மிகப் பெரிய காரியம் எது என்று கேட்டால், தாளத்தையோ கிட்டாரையோ நாங்கள் சொல்லமாட்டோம். பேச்சைத்தான் சொல்வோம். அதுவரை தமிழில் பாட்டு என்றால் மெட்ராஸில் எழுதி மெட்ராஸில் பாடி வருகிற ஒன்று. காதலித்தாலும் அழுதாலும் மெட்ராஸ் தமிழில்தான். நித்தியும் மனோகரனும் யாழ்ப்பாணத்துச் சந்தையிலும் கொழும்புத் தெருவிலும் சனம் கதைக்கிற தமிழை அப்படியே மைக்குக்கு முன்னால் வைத்தார்கள். இலங்கைத் தமிழ்ப் பேச்சு பாட்டாகும் என்று அப்போதுதான் தெரிந்தது. அந்த நேரத்து அரசியலும் ஒரு வகையில் கைகொடுத்தது. 1970 முதல் 1977 வரை இருந்த அரசாங்கம் இறக்குமதியை இறுக்கிப் பிடித்தது. இந்தியச் சஞ்சிகைகளுக்கும் கட்டுப்பாடு வந்தது. பாணுக்கும் துணிக்கும் வரிசையில் நின்ற கசப்பை நம் பெற்றோர் மறக்கமாட்டார்கள். ஆனால் அதே வருடங்களில்தான் உள்ளூர் எழுத்தும் உள்ளூர்ப் பாட்டும் தலையெடுத்தன. இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் தமிழ்ச் சேவை உள்ளூர் மெல்லிசைக்கும் பொப் பாட்டுக்கும் நேரம் ஒதுக்கியது.

மனோகரனின் "சுராங்கனி"யை மட்டும் எடுத்துப் பாருங்கள். சுராங்கனி என்ற சிங்களப் பெண்ணுக்கு மீன் கொண்டுவந்த கதை. ஒரு காலைச் சிங்களத்திலும் மறுகாலைத் தமிழிலும் வைத்து நடக்கிற பாட்டு. தமிழ் தெரியாத சிங்களவரும் பாடினார், சிங்களம் தெரியாத தமிழரும் பாடினார், இரண்டும் அரைகுறையாகத் தெரிந்த நம்மவர்கள் எல்லோரையும் விடச் சத்தமாகப் பாடினார்கள். அது கடல் தாண்டி இந்தியாவுக்கும் போனது. 1977இல் "அவர் எனக்கே சொந்தம்" படத்தில் இளையராஜா அதை எடுத்துக்கொண்டார். மெட்ராஸிலிருந்து கொழும்புக்குத்தான் பாட்டு வரும் என்ற வழக்கம் அந்த ஒரு தடவையாவது தலைகீழானது.

நம் சமூகத்துக்கு இதில் பங்கில்லை என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு சொல். சேலத்திலிருந்து வந்த முஹைதீன் பேக் மாஸ்டரின் குரல் இல்லாமல் சிங்களவருக்கு இன்றும் வெசாக் இல்லை. 1991இல் அவர் மௌத்தாகும் வரை, ஒரு முஸ்லிம் பாடுகிறாரே என்று கேட்டு யாரும் அந்தப் பாட்டை நிறுத்தியதாக நாங்கள் கேள்விப்பட்டதில்லை. தமிழ் ஒலிபரப்பில் பி. எச். அப்துல் ஹமீதின் குரலை இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் தெரியாதவர் இல்லை. அந்தக் காலத்துப் பாடகனின் பெயரை வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்த குரல்களில் முஸ்லிம் குரலும் ஒன்று.

இவ்வளவும் சொன்ன பிறகு மூத்தவர்களுக்குக் கொஞ்சம் கசக்கிற மாதிரியும் சொல்லவேண்டும். அந்தக் காலத்துப் பாட்டு எல்லாமே நல்ல பாட்டில்லை. பல பாட்டுக்களின் மெட்டு ஹிந்தியிலிருந்தோ ஆங்கிலத்திலிருந்தோ இரவல் வந்தது. வார்த்தைகள் பாதி பகிடி, அதிலும் பெண்களைப் பற்றிய பகிடிகள் சில இன்று மகளோடு உட்கார்ந்து கேட்கமுடியாதவை. ஒலிப்பதிவும் அப்படித்தான். இன்று ஒரு பத்தாம் ஆண்டு மாணவன் படுக்கையறையில் லெப்டொப்பை வைத்துப் பதிவதற்குப் பக்கத்தில்கூட வராது. நமக்கு அந்தக் காலம் தங்கமாகத் தெரிவதற்கு ஒரு காரணம், ஐம்பது வருடம் சல்லடை போட்டுச் சலித்த பிறகு மிஞ்சிய பத்துப் பதினைந்து பாட்டைத்தான் நாம் இன்று கேட்கிறோம். சல்லடைக்குள்ளால் விழுந்துபோன ஆயிரத்தை யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை. இன்றைய பாட்டோ சலிக்காத மா. கல்லும் உமியும் சேர்ந்தே வருகிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்து எடை போடுவது நியாயமான தராசு இல்லை.

அப்படியானால் பழைய பேண்டிடம் உண்மையாகவே என்ன இருந்தது? எங்கள் கணிப்பில் ஒன்றுதான், பழக்கம். ஒரே ஐந்து பேர், ஒவ்வொரு இரவும், ஆட்களுக்கு முன்னால். பீட்டில்ஸ் பற்றிச் சொல்லாமல் இதை விளக்கமுடியாது. 1960 முதல் 1962 வரை அந்தப் பொடியன்கள் ஜெர்மனியில் ஹம்பர்க் நகரத்துக் கிளப்புகளில் திரும்பத் திரும்பப் போய், இரவிரவாக மணித்தியாலக் கணக்கில் வாசித்தார்கள். குடித்துவிட்டுச் சத்தம் போடுகிற கப்பல்காரர்களை நிறுத்திக் கேட்கவைக்கப் பழகினார்கள். அதன் பிறகுதான் உலகம் அவர்களைக் கேட்டது. கொழும்பின் ஹம்பர்க் எது? காலிமுகத்திடல் ஹோட்டலின் கோகனட் குரோவில் ஜெட்லைனர்ஸ் வாசித்தார்கள். பாடசாலை டான்ஸ், கார்னிவல், தேவாலயத் திருவிழா, கலியாணம் என்று சின்ன மேடைகள் ஏராளம் இருந்தன. யாழ்ப்பாணத்தில் கோயில் திருவிழா இரவுகளில் கண்ணன், அருணா போன்ற இசைக்குழுக்கள் விடியும் வரை வாசித்தன. மேளத்துக்கும் நாதஸ்வரத்துக்கும் வந்த சனம் மின்சாரக் கிட்டாரையும் கேட்டுவிட்டே வீட்டுக்குப் போனது. பேண்ட் என்பது வீட்டில் தனியே இருந்து வளருகிற பயிர் இல்லை. அதற்கு இரவு வேண்டும், மேடை வேண்டும், கரண்ட் வேண்டும், விடியற்காலை பயமில்லாமல் வீட்டுக்குத் திரும்பிப்போக ஒரு றோட்டும் வேண்டும்.

சிங்களப் பேண்டுகளுக்கு இந்த நான்கும் பெரும்பாலும் தொடர்ந்து கிடைத்தன. 1977க்குப் பிறகு பொருளாதாரம் திறந்தது. கஸெட் வந்தது, சுற்றுலா ஹோட்டல்கள் வந்தன, 1982இல் ரூபவாஹினி வந்தது. 1988, 89 கலவர காலத்தில் அவர்களும் அஞ்சி ஒடுங்கியிருந்தார்கள், அதை மறுக்கமுடியாது. ஆனால் சங்கிலி அறவில்லை. அந்த 1988இல்தான் நளின் பெரேராவின் மேரியன்ஸ் தொடங்கியது. பிறகு அவர்கள் பழைய பாட்டுக்களை அன்பிளக்டாக எடுத்து, தாத்தாமார் கேட்டதைப் பேரன்மாருக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். ஜிப்ஸீஸ் வேடிக்கைப் பாட்டில் தொடங்கி அரசியல்வாதிகளைக் கிழித்துத் தொங்கவிடுகிற பாட்டு வரை போனார்கள். சுனில் பெரேரா தொலைக்காட்சியில் வாயைத் திறந்தால் அமைச்சர்மாருக்கு வியர்க்கும். 2021 செப்டெம்பர் 6ஆம் திகதி கொவிட் காலத்தில் அவர் போனபோது, இனம் மதம் பார்க்காமல் நாடே அழுதது. ஜிப்ஸீஸ் அவரோடு முடியவில்லை, தம்பி பியல் கையில் எடுத்தார். ஆங்கிலத்தில் ரொக் பாடுகிற ஸ்டிக்மாட்டா போன்ற பேண்டும் கொழும்பில் பாடசாலைப் பொடியன்களாகத் தொடங்கி, 2003 முதல் 2015 வரை நான்கு அல்பம் வெளியிட்டது. சுரேஷ் டி சில்வா மேடையில் கத்துகிற கத்தல் நம் காதுக்கு ஒத்துவராமல் இருக்கலாம். ஆனால் அந்த வாசிப்பில் இருக்கிற சுத்தத்தை இசை தெரிந்தவர் எவரும் குறை சொல்லமாட்டார்.

ஆக சிங்களப் பக்கத்தில் ஒப்பிடலாம். ஒப்பிட்டால் எங்கள் தீர்ப்பு இதுதான்: வாசிப்பில் இன்றையவர்கள் மேல், மெட்டமைப்பில் கிளாரன்ஸை இன்னும் யாரும் தாண்டவில்லை. 1996இல் அவர் இறந்து இத்தனை வருடமான பிறகும் சிங்களப் பேண்ட் எதுவும் அவர் பாட்டு இல்லாமல் ஒரு இரவை முடிப்பதில்லையே, அதுவே சாட்சி. இதில் வேறு கருத்து உள்ளவர்கள் தாராளமாக எழுதுங்கள்.

தமிழ்ப் பக்கத்துக்கு வரும்போதுதான் கதை வேறு.

1983 ஜூலை. அந்தக் கிழமையில் கொழும்பில் என்ன நடந்தது என்று நம் ஊரில் ஐம்பத்தைந்து வயது தாண்டியவர்களுக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை. ஆனால் இளையவர்கள் ஒன்றை அறியவேண்டும். நம் ஹெந்தளையில் விஜயா ஸ்டூடியோ என்று ஒரு படப்பிடிப்பு நிலையம் இருந்தது. கே. குணரத்தினம் என்ற தமிழ்த் தொழிலதிபர் நடத்தியது. 1953இல் "சுஜாதா" என்ற சிங்களப் படத்தைத் தயாரித்தவரும் அவரே. தமிழர் ஒருவரின் காசில், சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் எல்லோரும் வேலை செய்து, பெரும்பாலும் சிங்களப் படங்கள் உருவான இடம். அதைக் கொளுத்தினார்கள். உள்ளே இருந்த பட நெகட்டிவ்கள் சாம்பலாயின. தமிழருக்கு அடி என்று நினைத்துக் கொளுத்தியதில் சிங்கள சினிமாவின் ஞாபகமும் சேர்ந்து எரிந்தது. ஒரு ஸ்டூடியோ எரியும்போது கட்டிடம் மட்டும் எரிவதில்லை. வயலின்காரர், தபேலாக்காரர், கிட்டார்காரர், மைக் பிடிப்பவர் என்று அதை நம்பியிருந்த எல்லோருடைய நாட்கூலியும் எரிகிறது. தமிழ் வாத்தியக்காரர் பலர் அதோடு கொழும்பை விட்டார்கள். பலர் நாட்டையே விட்டார்கள்.

மனோகரன் சென்னைக்குப் போனார். சிலோன் மனோகர் என்று அங்கே படங்களில் நடித்தார், பெரும்பாலும் அடியாள் வேடம். இலங்கையில் சக்கரவர்த்தி, அங்கே வில்லனுக்குப் பக்கத்தில் நிற்கிற ஆள். 2018 ஜனவரி 22ஆம் திகதி சென்னையிலேயே காலமானார். நித்தி கனகரத்தினம் அவுஸ்திரேலியாவில் குடியேறினார். மற்றவர்களும் ஆளுக்கொரு நாடு. அவர்கள் போனதைக் குறை சொல்ல யாருக்கும் உரிமையில்லை. ஆனால் ஒரு கலைக்கு என்ன நடக்கும் என்று பாருங்கள். நாற்பது வயதுக்காரன் வாசிப்பதை மேடைக்குக் கீழே நின்று பதினைந்து வயதுக்காரன் பார்க்கவேண்டும், விரலைப் பார்த்துத் திருடிப் பழகவேண்டும். இங்கே பதினைந்து வயதுக்காரன் வந்து நின்றபோது மேடையில் ஆளில்லை.

வடக்கில் இன்னும் மோசம். 1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் பல வருடங்கள் கரண்ட் இல்லை. பொருளாதாரத் தடைப் பட்டியலில் பற்றரியும் இருந்தது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைச் சுற்றி, டைனமோவில் வரும் கரண்டில் ரேடியோ கேட்டார்கள். செய்தி கேட்பதற்கே ஒருவர் சைக்கிள் மிதிக்கவேண்டிய ஊரில் மின்சாரக் கிட்டாருக்கு எங்கே போவது? அந்தக் காலத்திலும் அங்கே பாட்டு இருந்தது, திறமையும் இருந்தது. ஆனால் அது போருக்காகப் பாடிய பாட்டு. மாமியிடம் மகளைக் கேட்டுச் சிரிக்கிற பாட்டுக்கு இடமில்லை. அதே 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் சில மணித்தியால அவகாசத்தில் விரட்டப்பட்டு, புத்தளத்து முகாம்களுக்கு வந்தார்கள். யாழ்ப்பாணத்துத் திருவிழா மேடைக்குக் கீழே நின்று கேட்ட கூட்டத்தில் அவர்களும் இருந்தவர்கள்தான். பாடியவர்கள் ஒரு பக்கம் போனார்கள், கேட்டவர்கள் இன்னொரு பக்கம் போனார்கள்.

கொழும்பில் தங்கிய தமிழ் இளைஞருக்கோ வேறு சிக்கல். 1990களிலும் 2000களிலும் இரவு பதினொரு மணிக்கு நிகழ்ச்சி முடிந்து, தமிழ்ப் பெயருள்ள அடையாள அட்டையோடு, கிட்டார் பெட்டியையும் தூக்கிக்கொண்டு ஒரு சோதனைச் சாவடியைக் கடப்பது எப்படி என்று நினைத்துப் பாருங்கள். பெட்டியைத் திற, உள்ளே என்ன, எங்கே போகிறாய், பொலிஸ் பதிவு எங்கே. வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு ஒத்திகைக்கு வந்து போவதே ஒரு பரீட்சை. அப்படியிருந்தும் கோயில் விழாக்களில் வாசித்த குழுக்கள் இருந்தன. அவர்கள் பெரும்பாலும் சினிமாப் பாட்டையே வாசித்தார்கள். சனம் கேட்டது அதுதான். 1998இல் சூரியன், சக்தி என்று தனியார் தமிழ் எஃப்எம்கள் வந்தபோது நமக்கென்று ஒரு காலம் வரும் என்று எதிர்பார்த்தோம். அறிவிப்பாளர் நம்மவர், பாட்டுப் பெரும்பாலும் சென்னையிலிருந்து வந்தது. இந்தக் குறையை மட்டும் நாங்கள் போருக்குச் சாட்டமாட்டோம்.

இனி இன்றைய பிள்ளைகளைப் பாருங்கள். நம் தமிழ் இளைஞர் ஏன் பேண்டை விட்டு ரெப்புக்குப் போனார்கள் என்று பலர் சலித்துக்கொள்கிறார்கள். எங்களுக்கு அதில் ஆச்சரியமே இல்லை. ஐந்து பேர் கூடமுடியாத காலத்தில் வளர்ந்தவன் ஒருவன் மட்டும் செய்யக்கூடிய இசையைத்தானே எடுப்பான்? ஒரு அறை, ஒரு மைக், ஒரு கணினி. கிரிஷான் மகேசன் 2006இல் "ஏசியன் அவென்யூ"வைக் கொண்டுவந்தபோது கொழும்புப் பொடியன்கள் அதைத் தங்கள் சொந்தப் பேச்சாகக் கேட்டார்கள். ஏடிகே என்ற தினேஷ் கனகரத்தினத்தை ரஹ்மான் அழைத்து 2013இல் "கடல்" படத்தில் "மகுடி" பாடவைத்தார். லண்டனில் எம்.ஐ.ஏ., யாழ்ப்பாணத்தில் சிறுவயதைக் கழித்த மாயா அருள்பிரகாசம், 2007இல் "பேப்பர் பிளேன்ஸ்" பாட்டுக்கு த கிளாஷ் என்ற பழைய ஆங்கில ரொக் பேண்டின் இசையையே அடித்தளமாக எடுத்தார். உலகம் முழுக்க ஓடியது. வேகத்திலும், சொல்லிலும், துணிச்சலிலும் இவர்கள் மனோகரனுக்குக் குறைந்தவர்கள் இல்லை. எங்களைக் கேட்டால், பாட்டில் சொல்லும் விடயத்தின் கனத்தில் பல படி மேல்.

குறைவது எங்கே? மெட்ராஸ் வாசலில் போய் நிற்கவேண்டியிருக்கிறது. கொழும்பிலிருந்தே ஒரு பாட்டுக் கிளம்பி, கொட்டாஞ்சேனையிலும் கல்முனையிலும் ஹட்டனிலும் ஒரே வாரத்தில் எல்லோர் வாயிலும் வருகிற வழி தமிழில் இல்லை. சிங்களத்தில் அது இன்றும் இருக்கிறது. 2021இல் யொஹானி பாடிய "மெனிகே மகே ஹித்தே" இந்தியாவைக் கலக்கியபோது, அது ஒரு பெண்ணின் அதிர்ஷ்டம் என்று பலர் நினைத்தார்கள். அவருக்குப் பின்னால் சதீஷன் ரத்நாயக்க, டுலான் ஏஆர்எக்ஸ் போன்றவர்கள் இருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் உள்ளூர்ப் பாட்டையே கேட்டு வளர்ந்த ஒரு பெரிய சனம் இருந்தது. அதே 2021இல் "என்ஜாய் எஞ்சாமி" வந்தது. பாட்டில் வருகிற பாட்டி இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தவர், அறிவுவின் பாட்டி. கூடப் பாடிய தீ ஈழத்துக் குடும்பத்துப் பிள்ளை. நம் மலையகத்தின் கதை, ஆனால் சென்னையிலிருந்து வந்தது. அதைக் கேட்டுப் பெருமைப்பட்டோம், கூடவே கொஞ்சம் வலித்தது.

பேண்ட் தானாகப் பிறக்காது, யாராவது உருவாக்கவேண்டும் என்பதற்கும் சென்னையிலேயே உதாரணம் இருக்கிறது. 2018இல் இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து கானாப் பாடகர்கள், பறை வாசிப்பவர்கள், ரொக் கிட்டார்காரர்கள், ரெப் பாடுகிறவர்கள் என்று பத்தொன்பது பேரைத் திரட்டி தி காஸ்ட்லெஸ் கலெக்டிவை மேடையேற்றினார்கள். பத்தொன்பது பேருக்கும் ஒத்திகைக்கு இடம் கொடுக்க ஒருவர் இருந்தார். நம் ஊரில் அன்று சூரியா இருந்தது, வானொலி இருந்தது. இன்று யார்?

நம் பக்கத்தையும் பார்க்கவேண்டும். இன்றைய பேண்ட் சரியில்லை என்று கலியாண மேசையில் குறை சொல்கிற நாமே, அடுத்த கலியாணத்துக்கு டீஜேயைப் பிடிக்கிறோம். செலவு குறைவு, சத்தம் கூட. பேண்ட் பிடித்தாலும் பழைய பாட்டைத்தான் பாடச்சொல்லிக் கேட்கிறோம். ஒரு பொடியன் சொந்தமாக மெட்டுப்போட்ட பாட்டைத் தொடங்கினால் சனம் எழும்பி வட்டிலாப்பம் எடுக்கப் போய்விடும். பிறகு புதுப்பாட்டு எங்கிருந்து வரும்? பாடசாலைகளிலும் இதே கதை. நாங்கள் படிப்பித்த பாடசாலைகள் சிலவற்றில் அழகியல் பாடம் என்றால் சித்திரம் மட்டும்தான். விளையாட்டுப் போட்டிக்கு வெளியே எடுக்கிற பேண்ட் வாத்தியம் மற்ற மாதங்களில் களஞ்சிய அறையில் தூசி பிடித்துக் கிடக்கும். ட்ரம் அடிக்கிற பிள்ளைக்குத் தாளம் இயல்பாகவே வருகிறது என்று தெரிந்தாலும், மார்ச் மாதத்துக்குப் பிறகு அவனை எங்கே அனுப்புவது என்று நமக்கே தெரியாது.

ஆகவே மூத்தவர்களே, இன்றைய தமிழ்ப் பாடகனை மனோகரனோடு ஒப்பிடுவதாக இருந்தால், இடையில் முப்பது வருடம் அவனுக்கு மேடை இருக்கவில்லை என்பதையும் தராசில் போடுங்கள். தம்பிமாரே, போனில் காட்டுகிற எண்ணிக்கையைக் கொஞ்சம் வைத்துவிட்டு, ஒரே ஒருநாள் நித்தி கனகரத்தினத்தை முழுசாகக் கேளுங்கள். உங்கள் வீட்டுத் தமிழ் பாட்டில் எப்படி இருக்கிறது என்று தெரியும்.

கடைசியாக ஒரு உதவி கேட்கிறோம். ஹெந்தளை, மாபோலை, ஹுணுப்பிட்டி, வத்தளைச் சந்திப் பக்கம் பழைய வீடுகளை உடைத்து மாடி எழுப்புகிறார்கள். மச்சு அறையிலோ பழைய அலுமாரியிலோ 45 சுற்று இசைத்தட்டோ, கஸெட்டோ, பழைய நிகழ்ச்சி நோட்டீசோ, பேண்டில் வாசித்த மூத்தவர்களின் படமோ இருந்தால் பழைய பேப்பர்காரருக்குக் கொடுக்கவேண்டாம். இன்பொக்ஸில் ஒரு செய்தி போடுங்கள். விஜயா ஸ்டூடியோவில் வேலை செய்த யாராவது இன்னும் நம் பக்கத்தில் இருந்தாலும் சொல்லுங்கள், வந்து சந்திக்கிறோம். எங்கள் கூட்டாளி ஒருவரிடம் இசைத்தட்டு போடுகிற மெஷின் இருக்கிறது, ஊசியும் போன மாதம்தான் மாற்றியது. பதிந்து எடுத்துக்கொண்டு தட்டைப் பத்திரமாகத் திருப்பித் தருவோம். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு என்றால் எங்களுக்கு வசதி.